பைகளுக்குக் காவல்

நவம்பர் 8, டோக்கியோ

நாயகம், எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். "மாப்ள, போன இடத்தைப் பத்தி உனக்கு வாயால சொல்ல வராது. குத்தாலம் போயிட்டு வந்தாலே 'தண்ணி விழுந்துச்சு'ம்ப. ஒரு நோட்டுல எழுதிட்டு வா, வந்து எனக்கு வாசிச்சுக் காட்டு" என்று நீ பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கத்தியதைச் சங்கரன்கோவிலே கேட்டது. ஒரு காது கேட்காதவன் ரகசியம் பேசினாலும் ஊருக்கே கேட்கும். மைக் செட் வாடகைக்கு விட்டு விட்டுத்தானே அந்தக் காதைத் தொலைத்தாய்.

வந்து சேர்ந்தாயிற்று. உடம்பில் எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. "உக்காந்துக்கிட்டே வந்ததுக்கு இம்புட்டு அலுப்பா?" என்று உன் தங்கச்சி கேட்கிறாள். உலகம்மைக்கு என்ன, விமானம் ஏறியதும் கண்ணை மூடினாள், இறங்கும்போது திறந்தாள். நான்தான் கொட்டக்கொட்ட முழித்துக்கொண்டு இவ்வளவு பெரிய இரும்பு எப்படி மேலே நிற்கிறது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். எங்கள் கூட்டத்தில் எல்லாருமே அறுபது தாண்டியவர்கள். வரிசையில் நின்றால் பென்ஷன் ஆபீஸ் வாசல் மாதிரி இருக்கிறது.

எனக்கு இந்தப் பயணத்தில் இஷ்டமே இல்லை, உனக்குத் தெரியும். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. "கடை கடைன்னு கிடந்துதாம்ப்பா இப்படி ஆச்சு" என்று வடிவு டிக்கெட்டை எடுத்து நீட்டிவிட்டாள். மகள் சொன்னதைத் தட்டியிருப்பேன். நீதான் "போயிட்டு வாலே, கடையை நான் பாத்துக்கிடுதேன்" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டாய். ஐப்பசி முகூர்த்தம், பாத்திரமும் பந்தலும் வாடகைக்கு மாறி மாறிப் போகும். பெரிய அண்டாவை நீ தூக்காதே. பயல்களைத் தூக்கச் சொல். என்னைவிட நீ ஒரு வயசு மூத்தவன் என்பதை மறந்துவிடாதே.

நவம்பர் 9, டோக்கியோ

இன்றைக்கு ஒரு கோயில். மெய்ஜி கோயில் என்று பெயர். ஊருக்கு நடுவில் ஒரு காடு, காட்டுக்குள் கோயில். நடந்து நடந்து கால் விட்டுப்போயிற்று.

எங்களைக் கூட்டிப் போகிறவர் கசுகோ என்று ஒரு ஜப்பான்காரம்மா. ஐம்பது, ஐம்பத்தைந்து இருக்கும். புருஷன் மெட்ராஸ் பக்கம் கார் கம்பெனியில் வேலை பார்த்தபோது ஆறேழு வருஷம் அங்கே இருந்தாராம். தமிழ் பேசுகிறார், நாயகம்! "வாங்க சார், மெதுவா வாங்க. அவசரம் வேணாம். ஆனா பஸ் நிக்காது" என்கிறார். நம்மூர் கண்டக்டரிடம் படித்த மாதிரி இருக்கிறது.

கோயிலுக்கு முன்னால் மரத்தில் பெரிய வாசல். இரண்டு தூண், மேலே குறுக்கே இரண்டு கட்டை, அவ்வளவுதான். கதவும் இல்லை, சுவரும் இல்லை. டோரி என்கிறார்கள். எனக்கு முதலில் என்ன தோன்றியது சொல்லட்டுமா? யாரோ பந்தக்கால் நட்டுவிட்டு, மேலே வேய ஆள் வராமல் அப்படியே விட்டுவிட்டான். தூணை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துப் பார்த்தேன், எட்டவில்லை. கயிறு ஒரு முழம்கூடக் கட்டவில்லை. ஆனாலும் அசையாமல் நிற்கிறது. நம் பயல்கள் கட்டினால் முகூர்த்தம் முடிகிற வரைக்கும் நிற்குமா என்று நமக்குத் தூக்கம் வராது.

அந்த வாசலுக்கு இந்தப் பக்கம் மனுஷன் இடம், அந்தப் பக்கம் சாமி இடமாம். குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போக வேண்டும். அகப்பையில் தண்ணீர் மொண்டு கை கழுவி, வாய் கொப்பளித்து, சாமிக்கு முன்னால் இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கை தட்டி, மறுபடி ஒரு தரம் குனிய வேண்டும். உலகம்மை எட்டி எட்டிப் பார்த்தாள். "சாமி எங்க இருக்கு?" என்றாள். கசுகோ, "உள்ள இருக்கு மேடம். காட்ட மாட்டாங்க" என்றார். உலகம்மைக்கு மனசே ஆறவில்லை.

வேண்டுதலை எழுதிக் கட்டுவதற்குச் சின்ன மரப்பலகை விற்கிறார்கள். உன் தங்கச்சி ஒன்று வாங்கி எனக்குக் காட்டாமல் மறைத்து எழுதினாள். கட்டும்போது எட்டிப் பார்த்துவிட்டேன். "அண்ணன் அடுத்த வருஷம் எங்ககூட வரணும்." எனக்கு ஒரு வரி கிடையாது, பார்த்துக்கொள். அதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினாள். பஸ்ஸில் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது உன் பதில் குரலாகவே வந்தது. "உலகம்மை! நான் அங்க வந்து என்னத்தைத் திங்க? பச்சை மீனையா? மாப்ளைய மாத்திரை போடச் சொல்லு! படி ஏறவிடாதே!" பஸ் முழுக்கக் கேட்டது. ஈரோட்டு அம்மா ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார்.

மாத்திரை போட்டேன்.

நவம்பர் 10

ஃபூஜி மலை பார்க்கக் கூட்டிப் போனார்கள். மேகம் மூடியிருந்தது. மலை இருக்கிறது என்றார்கள், நம்பினோம். சாயங்காலம் புல்லட் ரயிலில் கியோட்டோ. சப்பாத்தி, பருப்பு. எனக்கு மோர் சாதம் வேண்டும்போல் இருக்கிறது.

நவம்பர் 11, கியோட்டோ

நாயகம் போய்விட்டான்.

இனி யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் உலகம்மை ஏன் என்று கேட்பாள். அதனால் எழுதுகிறேன்.

காலையில் காப்பி குடிக்கக் கீழே வந்திருந்தேன். நாயகத்தின் மகன் சங்கரலிங்கம் போன் செய்தான். நம் ஊரில் விடிந்திருக்கவில்லை. அந்த நேரத்துப் போனே பாதி சொல்லிவிட்டது.

"மாமா, அப்பா போயிட்டாங்க மாமா."

ராத்திரி கடை அடைக்கும்போது வேர்த்துக் கொட்டியிருக்கிறது. கவிழ்த்துப் போட்ட அண்டாமேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறான். கொண்டுவந்து கொடுப்பதற்குள் முடிந்துவிட்டது. நெஞ்சுவலிக்காரன் நான். செத்தது அவன். என் கடைச் சாவி அவன் இடுப்பில் இருந்திருக்கிறது.

"நீங்களும் அத்தையும் வார வரைக்கும் வச்சிருக்கட்டுமா மாமா?" என்றான் பையன். டிக்கெட் மாற்றி, சென்னை போய், அங்கிருந்து ஊர் சேர எப்படியும் இரண்டு நாள். "வேண்டாம்லே. அவனைக் காக்கப் போடாத. இன்னைக்கே எடுத்துரு. அத்தைகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம், நான் ஊருக்கு வந்து சொல்லிக்கிடுதேன்" என்றேன். கூடப்பிறந்தவன் முகத்தைப் பார்க்க வேண்டுமா, வேண்டாமா என்று அவளிடம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்? கேட்கவில்லை. நானே சொல்லிவிட்டேன். மொழி தெரியாத ஊரில் அவள் விழுந்து புரண்டு அழுதால் நான் எப்படித் தாங்குவேன் என்பதுதான் அந்த நேரத்தில் என் புத்தியில் ஓடியது.

"பந்தல்?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

"நம்ம கடைப் பந்தல்தான் மாமா. பயலுக கட்டிக்கிட்டு இருக்கானுவ."

பெங்களூரில் இருக்கிற வடிவுக்குப் போன் செய்தேன். எடுத்ததுமே அழுதாள், அவளுக்குத் தெரிந்திருந்தது. "அம்மாகிட்டச் சொல்லிராத. ஊருக்கு வந்து பக்குவமா நான் சொல்லிக்கிடுதேன்" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "சரிப்பா" என்றாள். "நீங்க எப்படிப்பா இருக்கீங்க, நெஞ்சு எப்படி இருக்கு?" என்று மூன்று தரம் கேட்டாள்.

சாவுக் கேதம் காதில் விழுந்தால் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். அறைக்குப் போனதும் எந்தக் காரணம் சொல்லித் தலைக்குக் குளிப்பது என்று யோசித்துக்கொண்டே மேலே போனேன். கதவைத் திறந்தால் உலகம்மை தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை, இந்தக் குளிரில் தலைக்கு ஊற்றியிருக்கிறாள்! "ஏட்டி, சளி பிடிக்கவா?" என்று சத்தம் போட்டேன். "தலை ஒரே அரிப்பு" என்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, சோப்பு பட்டுவிட்டதாம். எனக்கு நல்லதாகப் போயிற்று. "எனக்கும் அரிக்கி" என்று சொல்லிவிட்டு நானும் போய் ஊற்றிக்கொண்டேன். ஆண்டவன் அந்த மட்டுக்கும் உதவினான்.

பஸ்ஸில் கசுகோ கோயில் விவரம் சொல்லிக்கொண்டு வந்தார். "இன்னிக்கு ஃபுஷிமி இனாரி. ரொம்ப ரொம்பப் பழைய கோயில். நரி சாமியோட ஆளு" என்றார். பிறகு, "எங்க ஊர்ல வீட்ல யாராவது செத்துட்டா அம்பது நாள் கோயிலுக்கு வர மாட்டோம். டோரி தாண்ட மாட்டோம். உங்க ஊர்லயும் இருக்குல்ல, தீட்டு?" என்று சிரித்தார். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். உலகம்மையைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி ஊர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் கூடப்பிறந்தவன் செத்தால் பதினாறு கழிகிற வரைக்கும் கோயில் வாசலை மிதிக்க மாட்டார்கள். தெரியாமல் மிதித்தால் அவளுக்குப் பாவமா, தெரிந்தே மிதிக்க வைத்தால் எனக்கா? மச்சானுக்காக எனக்குத் தீட்டு உண்டா என்றால், கிடையாது. கூட்டாளிக்குத் தீட்டு என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதவில்லை. சட்டப்படி நான் போகலாம். இந்தக் கணக்கை எல்லாம் போட்டுக்கொண்டே இறங்கினேன்.

அவளை எப்படி நிறுத்துவது என்று நான் முழிக்கும்போது அவளே நின்றுவிட்டாள். "ஏங்க, மூட்டு வலிக்கி. நான் இங்கயே உக்காந்திருக்கேன், நீங்க போயிட்டு வாங்க. மேல ஏறக் கூடாது, சொல்லிட்டேன்." முதல் டோரிக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள். மூட்டு வலிக்கு இன்றைக்குத்தான் நேரம் தெரிந்தது. ஈரோட்டு அம்மா, "அப்படீன்னா என்ற பையையும் பாத்துக்குங்க கண்ணு" என்று வைத்தார். அவரைப் பார்த்து எல்லாரும் வைத்தார்கள். நான் திரும்பிப் பார்க்கும்போது பைகளுக்கு நடுவில் அவள் தலை மட்டும் தெரிந்தது.

நானும் நின்றால் அவளுக்குச் சந்தேகம் வரும். போனேன். செக்கச்செவேல் என்று ஆயிரக்கணக்கில் பந்தக்கால், ஒன்றை ஒட்டி ஒன்று, மலைமேல் ஏறிக்கொண்டே போகிறது. கேத வீட்டுக்குப் போன கை குளிக்காமல் கல்யாணப் பந்தலைத் தொடக் கூடாது என்பது எங்கள் கடைச் சட்டம். நாயகம் போட்ட சட்டம். நான் ஒரு கம்பையும் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். அங்கே அவன் பந்தலை எவன் இழுத்துக் கட்டினானோ. கிழக்கு மூலை எப்போதும் தொய்யும்.

நவம்பர் 12, நாரா

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் கெட்டிக்காரனும் இல்லை, ஊர் போய்ச் சேர இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

நாராவில் மான்கள் மாடு மாதிரி தெருவில் திரிகின்றன. காசுகா என்று ஒரு கோயில், ஆயிரத்து சொச்சம் வருஷத்துக் கோயிலாம். வழி நெடுகக் கல்விளக்கு, பாசி படிந்து கிடக்கிறது. உலகம்மை இங்கேயும் வெளியே உட்கார்ந்துவிட்டாள். மானுக்குப் பிஸ்கட் கொடுக்கிறாளாம். மூட்டு வலி நாரா வரைக்கும் வந்துவிட்டது. எனக்கென்ன, நல்லதுதான்.

ஈரோட்டு அம்மா கோயிலிலிருந்து பிரசாதமாக அரிசி மிட்டாய் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். உலகம்மை வாங்கவில்லை. "எனக்குச் சுகர் இருக்கும்போல" என்றாள். இவளுக்கு ஏது சுகர்? குழம்பில் வெல்லம் போடுகிறவள்.

ஒரு விஷயம் எனக்குப் பெரிய நிம்மதி. இரண்டு நாளாக அவள் அண்ணனுக்குப் போட்டோ அனுப்பவில்லை. கேட்பாளோ என்று பயந்து நானே முந்திக்கொண்டேன். "நாயகம் போன் தண்ணியில விழுந்துட்டாம். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கானாம்" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். "அப்படியா, சரிங்க" என்றாள். அவ்வளவுதான்! எப்போது விழுந்தது, எப்படி விழுந்தது, யார் சொன்னார்கள், ஒரு கேள்வி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் இவள் இப்படி நம்பியதில்லை.

அவள் நம்பியது எனக்கு அழுகையாக வந்தது. இருமுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். உடனே, "மாத்திரை போட்டியளா?" என்றாள். தினம் காலையில் ஒரு தரம் கேட்கிறவள், இப்போது எப்போது பார்த்தாலும் கேட்கிறாள்.

நவம்பர் 13

மழை. பஸ். கால் வலி. மாத்திரை போட்டேன்.

நவம்பர் 14, ஹிரோஷிமா

குண்டு விழுந்த ஊர். அங்கே ஒரு அருங்காட்சியகம். எரிந்துபோன சின்னப் பிள்ளையின் சட்டை, நசுங்கின சாப்பாட்டு டப்பா, எல்லாம் வைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் அழுதார்கள். உலகம்மை மற்றவர்களைவிட அதிகமாக அழுதாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்தப் பிள்ளைகளுக்காகவும்தான் அழுதேன், ஆனால் அவர்களுக்காக மட்டும் அழவில்லை. அழுவதற்கு எனக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

அறைக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, அன்றைக்கு நாயகம் அனுப்பிய குரலைப் போட்டுக் கேட்டேன். அது அவள் போனில்தான் இருந்தது, கையோடு எடுத்துப் போயிருந்தேன். "மாப்ளைய மாத்திரை போடச் சொல்லு! படி ஏறவிடாதே!" தண்ணீர் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது, பாவிப்பயல். செத்தும் மெதுவாகப் பேச மாட்டேன் என்கிறான். வெளியே வந்தபோது உலகம்மை கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். "இவ்வளவு நேரமா?" என்றாள். வயிறு சரியில்லை என்றேன். அலுப்பாக இருக்கிறது. பொய் சொல்வது இவ்வளவு கைகால் வலிக்கிற வேலை என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 15, மியாஜிமா

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கடல் நடுவில் ஒரு தீவு, மியாஜிமா. தீவின் கரையில் தண்ணீருக்குள்ளேயே கோயில், கோயிலுக்கு முன்னால் கடலில் நிற்கிறது சிவப்பு டோரி. இந்த ஊர் காலண்டரில் எல்லாம் இதுதான் படம். பஸ்ஸில் கசுகோ சொன்னார்: "இந்தத் தீவே சாமி. அந்தக் காலத்துல அங்க யாரும் பொறக்கக் கூடாது, சாகக் கூடாது. சாகப் போறவங்களை போட்ல ஏத்தி இந்தப் பக்கம் கொண்டாந்துடுவாங்க. இப்பக்கூட அங்க சுடுகாடு கெடையாது."

படகுத்துறையில் இறங்கியதும் உலகம்மை ஒரு பெஞ்சைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "படகு எனக்குத் தலை சுத்தும். பையை எல்லாம் கொடுங்க, பாத்துக்கிடுதேன்." யாரும் ஆச்சரியப்படவே இல்லை. குடை, கோட்டு, தண்ணீர் பாட்டில், புளியோதரைப் பொட்டலம் எல்லாவற்றையும் அவளைச் சுற்றி அடுக்கிவிட்டுப் படகேறினார்கள். விமானத்தில் தலை சுற்றாதவளுக்குப் படகில் சுற்றுமா என்று எனக்கு ஒரு சின்ன எரிச்சல். அதற்கு மேல் யோசிக்கவில்லை. என்னை மாதிரி மடையன் உலகத்தில் உண்டா?

படகு நகர்ந்ததும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கசுகோ பக்கத்தில் வந்து நின்றார். "சார், ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

"கேளுங்கம்மா."

"நாலு நாளா யோசிக்கறேன். உங்க ஊர்ல ஆம்பளைங்களுக்குத் தீட்டு கெடையாதா?"

எனக்குப் புரியவில்லை. "எதுக்குக் கேக்கீங்க?"

"மேடம் எந்தக் கோயிலுக்கும் உள்ள வரல. நீங்க எல்லாத்துக்கும் வர்றீங்க. அதான்." பிறகு இரண்டு கையையும் முன்னால் சேர்த்து இடுப்பு வரைக்கும் குனிந்தார். "உங்க மச்சான் விஷயம், ரொம்ப வருத்தம் சார். மொதல்லயே சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

கடல் நடுவில் ஒரு ஜப்பான்காரம்மா என்னிடம் கேதம் கேட்கிறார்.

"உங்ககிட்ட யாரு சொன்னா?"

"மேடம்தான். கியோட்டோல, மொத நாள், நரி கோயிலுக்குப் போனோம்ல, அங்க. பஸ்ஸை விட்டு எறங்கும்போதே எங்கிட்ட வந்து கேட்டாங்க. 'எங்க அண்ணன் தவறிட்டாரு, நான் எந்த எடம் வரைக்கும் வரலாம்'னு. நான்தான் அந்தக் கல்லைக் காட்டினேன்."

அன்றைக்குத் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே! சிவந்த கண். வாங்காத மிட்டாய். கேட்காத கேள்வி. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தது. நாலு நாளாக ஒரே அறையில், ஒரே கட்டிலில், பக்கத்தில் படுத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதிருக்கிறாள். என் காதில் விழவில்லை. எனக்கு இரண்டு காதும் நன்றாகத்தான் கேட்கும்.

படகு அந்தச் சிவப்பு டோரியைத் தாண்டிப் போனது. எல்லாரும் ஓடிப் போய்ப் போட்டோ எடுத்தார்கள். தீவில் பலகை போட்டு இறங்கச் சொன்னார்கள். ஈரோட்டு அம்மா, "வாங்கண்ணா" என்று கூப்பிட்டார். நான் கம்பியை விடவில்லை. சாஸ்திரத்தில் எழுதவில்லை என்று சொல்லிக்கொண்டு இரண்டு கோயில் வாசலைத் தாண்டியாயிற்று. எந்தச் சாஸ்திரம்? நாலாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவன் தங்கச்சியைக் கட்டியதே அவனை விட்டுப் போகக் கூடாது என்றுதான். அவன் போனதற்கு எனக்குத் தீட்டு இல்லை என்றால் வேறு யார் போனால் இருக்கப் போகிறது?

"நான் இறங்கலம்மா. எனக்கும் தீட்டுதான். இதே படகுல திரும்பிப் போயிருதேன், அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றேன். கசுகோ படகுக்காரரிடம் போய் ஏதோ சொன்னார். அவர் என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். எனக்கு உட்கார இடம் காட்டினார்.

துறையில் உலகம்மை பைகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் தனியாக வருவதைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். முகம் வெளுத்துப் போயிற்று.

"என்ன செய்யுது? நெஞ்சா? மாத்திரை வச்சிருக்கியளா?"

"நெஞ்சு இல்ல. உக்காரு."

"அப்பம் ஏன் போகல?"

"நீ எதுக்குப் போகலையோ, அதுக்குத்தான் நானும் போகல."

அவள் என்னையே பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு போனது. "உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள்.

"அன்னைக்குக் காலையிலேயே தெரியும். சங்கரலிங்கம் சொன்னான்."

"எனக்கும் அன்னைக்குக் காலையிலதான். வடிவு சொன்னா. அப்பாகிட்டச் சொல்லாதம்மா, நெஞ்சு தாங்காதுன்னா."

"அம்மாகிட்டச் சொல்லாதேன்னு நான் சொன்னதுக்கு எங்கிட்டச் சரிப்பான்னாளே!"

பெற்ற பிள்ளை இரண்டு பேரையும் வைத்து ஆட்டியிருக்கிறாள். வேறு சமயமாக இருந்தால் அவளைப் போனில் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்திருப்பேன். எனக்கு வந்த கோபமெல்லாம் உலகம்மைமேல் போயிற்று. "நாலு நாளா ஒரு வார்த்தை சொன்னியா நீ? கல்லா நீ?" என்று கத்தினேன்.

"நீங்க சொன்னியளா?" என்று அவளும் கத்தினாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் யாருடையதோ ஒரு பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். அண்ணா, அண்ணா என்று அழுதாள். நாலு நாளும் அடக்கி வைத்தது எல்லாம் வந்தது. துறையில் நின்றவர்கள் எங்களைப் பார்க்காமல் நாசூக்காகத் திரும்பிக்கொண்டார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஊரில் என்றால் பந்தலுக்குக் கீழே ஆம்பளை ஒரு பக்கம், பொம்பளை ஒரு பக்கம் என்று பிரிந்து உட்கார்ந்திருப்போம். இங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அழுதோம்.

கொஞ்சம் அடங்கியதும் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "காத்திருக்க வேண்டாம், எடுத்துருன்னு நான்தான் சொன்னேன். உன்னைக் கேக்கல. நீ முகம் பாக்கணும்னு நெனச்சிருப்ப."

"நெனக்காம இருப்பேனா?" மூக்கைத் துடைத்தாள். "ஆனா நானும் வடிவுகிட்ட அதைத்தான் சொன்னேன், வைக்காதீங்கன்னு. நான் கிளம்புனா நீங்களும் பதறிக்கிட்டு வருவிய. வார வழியில உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? அண்ணனே என்னை மன்னிக்காது."

அண்ணன் முகமா, என் நெஞ்சா என்று அவள் அந்தக் காலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து தனியாக முடிவு பண்ணியிருக்கிறாள்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு உனக்குத் தோணவே இல்லையா?" என்று கேட்டேன்.

"மொதல்ல தோணுச்சு. நீங்களும் தலைக்கு ஊத்திட்டு வந்தியள்லா. பெறகு கோயிலுக்குள்ள போனியளே! சாஸ்திரம் எப்படியும் போகட்டும், அண்ணன் போனது தெரிஞ்சா இவரு எந்தக் கோயில்லயும் காலை வப்பாரான்னு நெனச்சேன். சரி, தெரியாதுன்னு விட்டுட்டேன்."

நான் கடல் பக்கம் திரும்பினேன். தூரத்தில் அந்த டோரி ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது.

"பந்தல் யாரு போட்டா?" என்றாள்.

"நம்ம கடைப் பந்தல்தான்."

"கிழக்கு மூலையை இழுத்துக் கட்டுனானுவளாமா?"

"தெரியல. நான் கேக்கல."

"நீங்க ஊருக்குப் போயி ஒரு தரம் இழுத்துக் கட்டுங்க. பதினாறு வரைக்கும் கிடக்கும்ல்லா" என்றாள். சரி என்றேன்.

யாருடையதோ பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பேரும் புளியோதரை சாப்பிட்டோம். பசித்தது. அழுதால் பசிக்கும் என்பது கேத வீட்டுக்குப் பாத்திரம் கொண்டுபோகிற எனக்குத் தெரிந்ததுதான். கை கழுவிவிட்டு வந்து அவள் என் தோள்பையை எடுத்து, இந்த நோட்டை வெளியே எடுத்தாள். பிரிக்கவில்லை. என் கையில் கொடுத்தாள்.

"வந்து வாசிச்சுக் காட்டணும்னு அண்ணன் சொல்லிவிட்டுச்சுல்லா. வாசிங்க."

"இங்கயா?"

"வேற எங்க? அவங்க வர ரெண்டு மணி நேரம் ஆகும்."

முதல் பக்கத்தைத் திறந்தேன். நாயகம், எழுதச் சொன்னாய், எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை. உலகம்மை கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"சத்தமா வாசிங்க. அண்ணனுக்கு ஒரு காது கேக்காதுல்லா."

துறையில் நின்ற ஜப்பான்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக வாசித்தேன்.